அம்மனுக்கு ஒரு சுற்று பாக்கி

தரையில் ஒரு பொருள் கிடந்தால் கீழ் வீட்டு அக்காவுக்குப் பொறுக்காது. யார் வீட்டுத் தரை, யார் போட்ட பொருள் என்ற கேள்வியே கிடையாது. பேசிக்கொண்டிருக்கிற பேச்சை நிறுத்தாமலே சட்டென்று குனிந்து எடுத்துவிடுவாள். ஊக்கு, ரப்பர் பேண்டு, பால் பாக்கெட்டில் வெட்டிப்போட்ட மூலை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஒற்றைக் கொலுசு, எதுவானாலும் சரி. எடுத்த பிறகுதான் அது என்னவென்றே பார்ப்பாள்.

நான் அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்துக்குக் குடிவந்த அன்றைக்கே இதைப் பார்த்துவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் வேலை. மாடிப் போர்ஷனுக்குச் சாமான் ஏற்றும்போது தக்காளிப் பை கிழிந்து படிக்கட்டு முழுக்க உருண்டது. ‘அட கஷ்டகாலமே’ என்று நான் தலையில் கை வைப்பதற்குள் கீழ் போர்ஷனிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி மடங்காமல் இடுப்பிலிருந்து ஒரே வளைவாக வளைந்து, மேல் படியில் ஆரம்பித்துக் கடைசிப் படிவரை நிமிராமல் பொறுக்கிவிட்டாள்.

“நசுங்குனத தனியா வெச்சிகீறேன். இன்னிக்கே ரசம் வெச்சிடு, நாளைக்கு தாங்காது,” என்றாள். என் பெயரை மறுநாள்தான் கேட்டாள்.

அக்கா எஸ்டேட்டில் ஒரு சின்ன போல்ட்டு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, தட்டில் கொட்டிய போல்ட்டுகளில் திருகுமரை கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதைப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தூக்கி வண்டியில் அடுக்க வேண்டும். “கீழ வியுந்த பீச சூப்பர்வைசரு பாக்கறதுக்குள்ள எடுத்துடணும். அந்தப் பயக்கம்தான், ஊட்லயும் கை சும்மா இருக்க மாட்டேங்குது,” என்பாள். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவேற்காடு, திருவேற்காட்டிலிருந்து ஓ.டி. பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஒரு தடவை எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்கு அக்காவைத் துணைக்கு அழைத்துப்போனேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பார்க்க மகாலட்சுமி மாதிரி இருந்தாள். மண்டப வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. திரும்பிப் பார்க்கிறேன், அக்கா குனிந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். என் மேனேஜர் செருப்பு அவள் கையில். எனக்கு மானம் போயிற்று.

“அக்கா, நாம விருந்தாளி! விடுங்க!” என்று பல்லைக் கடித்தேன்.

“விருந்தாளின்னா இன்னா, முதுகு வளையாதா?” என்றாள் நிமிராமலே.

அந்த முதுகுதான் போயிற்று.

முதலில் கால் மரத்தது. எண்ணெய் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், ‘வாயு’ என்றாள். ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்தவள் வாசலில் ஒரே ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்று வழியில் எங்கேயோ நழுவியிருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. ஊரில் விழுந்ததையெல்லாம் எடுக்கிறவளுக்குத் தன் காலிலிருந்து விழுந்தது தெரியவில்லை. அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் மறுநாளே அவளை டாக்டரிடம் இழுத்துப்போனேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், இடுப்புப் பக்கத்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நரம்பை நசுக்குகின்றன, ரொம்ப நாளாகவே நசுக்கியிருக்கின்றன என்றார். வழக்கமாக இரண்டு எலும்பைச் சேர்த்தால் போதும், இவளுக்கு நான்கைச் சேர்க்க வேண்டும். கம்பி வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவார்கள், நாளடைவில் எல்லாம் ஒரே எலும்பாகிவிடும். வலி குறையும், நடக்கலாம். “ஆனா சேர்த்த எடம் சேர்த்ததுதான்மா. அது இனிமே வளையாது. இடுப்பையும் முட்டியையும் வெச்சு சமாளிக்கப் பழகிக்கணும்,” என்றார்.

அக்கா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: “ஸ்க்ரூ எந்த கம்பெனி சார்? எங்க கம்பெனிதுன்னா வாணாம். மரை சரியா இருக்காது.” டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று நானும் போயிருந்தேன். காலையிலிருந்து அண்ணனைக் காணவில்லை. பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு இந்த மனிதர் எங்கே போய்த் தொலைந்தார் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மத்தியானம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்றார்.

“ஆத்தாகிட்ட வேண்டிகினு வந்துட்டேன் தங்கச்சி. அவ எழுந்து நடந்தான்னா, அவளே வந்து கோயில ஒரு சுத்து உருண்டு வருவான்னு சொல்லிட்டேன்.”

ஈரத்துணியோடு, கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, கல் பாவிய பிராகாரத்தில் உடம்பால் உருண்டு கோயிலைச் சுற்ற வேண்டும். அங்கப்பிரதட்சணம். நல்ல முதுகுக்காரர்களே மூச்சு வாங்கி எழுந்திருப்பார்கள். இந்த மனிதர், உள்ளே முதுகைக் கிழித்து வைத்திருக்கிற நேரத்தில், அந்த முதுகையே அம்மனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை.

“ஏண்ணே, அவங்க எப்படிண்ணே உருளுவாங்க? நீங்க உருளுதேன்னு வேண்டக்கூடாதா?” என்று கத்தினேன்.

அவர் முகம் சின்னதாகிவிட்டது. “பயத்துல வாய்ல வந்துச்சி தங்கச்சி. அதுவுமில்லாம, என் ஒடம்பு இன்னா கஷ்டப்பட்டுச்சி? கஷ்டப்பட்ட ஒடம்புதான் வந்து சொல்லணும், காப்பாத்துனன்னு.”

எங்கள் ஊரிலும் அப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளை தலைமுடியைத்தான் நேர்ந்துகொள்கிறோம், நம் முடியையா கொடுக்கிறோம்?

அக்கா எழுந்து நடந்தாள். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பிறகு வாக்கர் இல்லாமல். இடது கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். தெருவே வந்து பார்த்துவிட்டு ‘தப்பிச்சிட்டே’ என்று சொல்லிவிட்டுப் போயிற்று. ஆனால் நடப்பதில் அக்காவுக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எதிரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்து நடந்தாள். குப்பை கிடக்கும், நின்றுவிடுவாள். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு தாண்டிப் போவாள்.

யாரையும் எடுத்துத் தர விடமாட்டாள். ஒரு நாள் அவள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. நான் குனியப்போனேன்.

“இரு. நான் எடுக்கறேன்.”

“அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?”

“தோ பாரும்மா, சும்மா குந்து.”

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஸ்பூனைக் கவ்வி, முட்டியை மடக்கி மேலே கொண்டுவந்து கையில் வாங்கினாள். இதை எப்போது பழகினாள் என்று தெரியவில்லை. வித்தைக்காரி மாதிரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடுத்த வாரமே அதை நின்றபடி செய்யப்போய், மரத்த இடது கால் தாங்காமல் விழுந்து, அடுப்பு மேடையில் தாடையை இடித்துக்கொண்டாள்.

அவளுக்குச் சாவைவிடக் கேவலமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கால் நகம். தன் கால் தனக்கு எட்டவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோவை நிறுத்திவிட்டு, கீழே உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்து வெட்டிவிடுவார். அதுவரைக்கும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “கட்டின புருசன் கால புடிக்கிறாரு, நான் மகாராணியாட்டம் குந்திகினு கீறேன். இதெல்லாம் ஒரு பொயப்பா?” என்று என்னிடம் அழுதாள்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிசியோதெரபி இடத்துக்குப் போய்வந்தாள். சனிக்கிழமைகளில் நான் துணைக்குப் போவேன். அங்கே இருந்த பெண் சின்ன வயது, பொறுமைசாலி. “முதுக வளைக்காதீங்கம்மா. இடுப்பு மூட்டுல இருந்து மடங்குங்க. பின்பக்கம் போகணும், முட்டி கொஞ்சம் மடங்கணும்,” என்று தானே செய்து காட்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மடங்குவாள். ஆரம்பத்தில் விரல்நுனி தொடை நடுவில் நின்றது. பிறகு முட்டி. பிறகு முட்டிக்குக் கீழே நான்கு விரல் அளவு. அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! வழியில் கடையில் நிறுத்தி பாதாம்பால் குடித்தோம். “தீபாவளிக்குள்ள தரைய தொட்டுடுவேன் பாரு,” என்றாள்.

தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. விரல் அங்கேயே நின்றது. அந்தப் பெண் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மேடம், மத்தவங்களுக்கு இடுப்பு மூட்டு, தொடை எல்லாம் சேர்ந்து ஈடுகட்டிடும். இவங்களுக்கு நாலு எலும்பு சேர்ந்திருக்கு, அந்தக் காலுல பலமும் திரும்பலை. இதுக்கு மேல வராதுன்னுதான் நினைக்கிறேன். இருக்கிறது போகாம காப்பாத்திக்கணும், அவ்வளவுதான்,” என்றது. நான் இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு அவள் வேறொரு காரணம் வைத்திருந்தாள்.

“ஆத்தா பாதி குட்த்துட்டா. நடக்க வெச்சா. மீதிய கைல வெச்சிகினு கீறா. நாம குடுக்க வேண்டியத குட்த்தாதான அவ மீதிய குடுப்பா?”

“எப்படிக்கா குடுப்பீங்க? உருளவா முடியும்?”

“அதான் வயி கெடச்சிடுச்சே!” என்றாள். கண்ணில் பழைய வெளிச்சம்.

வழி என்னவென்றால், படுக்கையிலிருந்து எழுந்திருக்க அந்தப் பிசியோ பெண் சொல்லிக்கொடுத்த முறை. நேராக எழக்கூடாது. தோள், இடுப்பு, முட்டி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, மரக்கட்டை திரும்புவதுபோல் ஒரு பக்கமாகத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். ‘கட்டை மாதிரி உருளணும்மா’ என்று அந்தப் பெண் வாரா வாரம் சொல்லும். நான் அதை எழுந்திருக்கிற முறையாகக் கேட்டேன். அக்கா அதை அம்மன் அனுப்பிய உத்தரவாகக் கேட்டிருக்கிறாள்.

“டாக்டருங்களே உருளுன்றாங்க. குனியாதன்னாங்க, தூக்காதன்னாங்க, முறுக்காதன்னாங்க. உருளாதன்னு எவனாவது சொன்னானா?”

“அக்கா, மெத்தையில ஒரு பக்கம் திரும்புறதும் கருங்கல்லுல கோயிலைச் சுத்துறதும் ஒண்ணா? உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“ஆத்தா ஊட்டு கல்லு மெத்த மாதிரிதாம்மா.”

இப்படிச் சொல்கிறவளிடம் என்ன வாதாடுவது? நான் இல்லாத நேரத்தில் தனியாகச் செய்து பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில், சரி, ஒரு தடவை என் எதிரில் செய்யுங்கள் என்றேன். அண்ணன் சவாரிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கி ஜமக்காளம் விரித்தோம். தரைக்கு இறங்குவதற்கே பெரும் பாடு. நாற்காலியைப் பிடித்து, ஒரு முட்டி போட்டு, என் தோளைப் பிடித்து, கடைசியில் படுத்துவிட்டாள். கைகளைத் தலைக்குமேல் கூப்பினாள்.

மல்லாந்த நிலையிலிருந்து பக்கவாட்டுக்கு அழகாகத் திரும்பினாள், கட்டை மாதிரியே. பக்கவாட்டிலிருந்து குப்புற. அதுவும் ஆயிற்று. “பாத்தியா!” என்றாள் ஜமக்காளத்துக்குள்ளிருந்து. அதற்குமேல் நகரவில்லை. குப்புறக் கிடக்கிற உடம்பு மல்லாந்து திரும்ப முதுகு கொஞ்சமாவது எக்க வேண்டும். அந்த முதுகு எக்கவில்லை. தோளைத் தூக்கினாள், இடுப்பு வரவில்லை. காலை உதைத்தாள், கால் மட்டும் ஆடியது. முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நான் இழுத்துப் பார்த்தேன். ‘ஐயோ’ என்று ஒரு சத்தம் போட்டாள், பயந்து கையை எடுத்துவிட்டேன். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். பூந்தமல்லி வரைக்கும் சவாரி போயிருந்தார், வர நேரமாகும் என்றார். வேறு யாரையும் கூப்பிட அக்கா விடவில்லை. என்ன செய்வது, நானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

“இன்னாமா இது, சோபாக்கு அடில இத்தினி தூசி கீது,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “பெருக்கறேன்னு சொல்லிகினு கீறாரே, இதான் பெருக்கற லட்சணமா?”

“ஆம்பளைங்க பெருக்குனா அப்படித்தான் இருக்கும்.”

“நான் நல்லா இருந்தப்ப இங்க ஒரு முடி கெடக்காது, தெரிமா உனுக்கு?” என்றாள். பிறகு ஜமக்காளத்தில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: “எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்மா. நூறு வருசம் வாய வாணாம். கீழ வியுந்தத எடுக்கணும், என் கால் நகத்த நானே வெட்டிக்கணும். இது ஒரு பெரிய ஆசையா?”

பெரிய ஆசை இல்லைதான். அதனால்தான் எனக்கு அம்மன்மேல்கூட ஆத்திரம் வந்தது.

அண்ணன் வந்து, எங்கள் இரண்டு பேரையும் அந்தக் கோலத்தில் பார்த்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு பேருமாகத் திருப்பி, தூக்கி, கட்டிலில் போட்டோம். அவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளோ அடுத்த நாளே, “குப்புறக் கெடந்தா மட்டும்தான் கஷ்டம். அத மட்டும் பயகிட்டேன்னா போதும். ஆடிக்குள்ள முடிச்சிடலாம்,” என்று ஆரம்பித்தாள். பிசியோ பெண் சொன்ன பயிற்சிகளை முன்பைவிடத் தீவிரமாகச் செய்தாள். காலை எழுந்ததும் கட்டிலில், சமையல் முடிந்ததும் சுவரோரம். வலித்தாலும் விடவில்லை. எப்போது பார்த்தாலும் கைகாலை மடக்கிக்கொண்டும் நீட்டிக்கொண்டும் இருந்தாள்.

ஆடி பிறந்தது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, மேலே ஒன்றுமில்லை. முட்டியிலும் முழங்கையிலும் தோல் வழன்று ரத்தம் கசிந்திருந்தது. தலைமுடியெல்லாம் மஞ்சள் தண்ணீரும் மண்ணும். முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

“முடிச்சிட்டேன்!” என்றார்.

“இன்னாத்தயா முடிச்ச?” என்றாள் அக்கா.

“வேண்டுதல. பூசாரியாண்ட கேட்டேன். வாய தொறந்து வேண்டிகினவன் நீ, நீயே உருளு, ஆத்தா ஏத்துக்குவான்னாரு. ஒரு சுத்துதான் சொன்னேன், மூணு சுத்து உருண்டு வந்துகீறேன். உன் பேரச் சொல்லிகினே உருண்டேன். இனிமே உனுக்கு ஒரு கவலயும் வாணாம். நீ உருளவும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஆத்தாக்கு நாம ஒண்ணும் பாக்கி இல்ல.”

அக்கா அவரையே பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அண்ணன் என்னைப் பார்த்து, “பாரு தங்கச்சி, சந்தோசத்துல அழுவுது,” என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும், கூடவே அவர் ஏதோ அம்மன் பாட்டை முனகுகிற சத்தமும் கேட்டன.

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. இனி இவள் தரையில் உருண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள். “நல்லதாப் போச்சுக்கா. அண்ணன் மாதிரி யாரு வருவா?” என்றேன்.

அவள் மெல்ல எழுந்து நின்றாள். பிசியோ பெண் சொல்லிக்கொடுத்தபடியே பின்பக்கம் தள்ளி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையையும் தரையை நோக்கி நீட்டினாள். முட்டிக்குக் கீழே நான்கு விரல். அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், உடம்பு நடுங்கியது. விரல் அங்கேயேதான் நின்றது.

நிமிர்ந்தாள். “வளையலன்னா, ஆத்தாக்கு பாக்கி கீது, அதான் வளையலன்னு நெனச்சிகினு இருந்தேன்,” என்றாள் தணிந்த குரலில். “நேத்து வரிக்கும் ஆத்தா கைல இருந்துச்சி. இப்ப யாரு கைலயும் இல்ல.”

நான் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அவராண்ட இத சொல்லிடாதம்மா. பாவம், தோலெல்லாம் போயி வந்துகீறாரு.”

குளியலறைக் கதவு திறந்தது. அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“கூட்டம் ஜாஸ்தியாயா? ஆத்தாவ நல்லா பாத்தியா?” என்று கேட்டாள்.